தாய் டிரம்

தலைவர் டிரம் அறைக்குள் போகும்போது செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டுத்தான் போவார். உள்ளே இருப்பது ஐந்து நீல பிளாஸ்டிக் டிரம்கள். அவற்றில் வெல்லப்பாகு, தவிடு, ஈஸ்ட், தண்ணீர், அப்புறம் கோடானுகோடி பாக்டீரியா. "உயிர் இருக்கிற இடம்யா, மரியாதை வேணும்" என்பார். பதினோரு வருடமாக அவருடைய குளத்து மோட்டார்களுக்கு நான்தான் காயில் கட்டித் தருகிறேன். எனக்கும் உயிர் இருக்கிறது. எனக்காக அவர் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

தலைவர் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். இறால் வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்தின் சொத்து நாற்பது உறுப்பினர்கள், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு மைக். ஸ்டாம்ப் பொருளாளரிடம் இருந்தது. மைக் தலைவர் வீட்டில் இருந்தது. எங்கோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்து அவர் வாங்கிய சான்றிதழ், பிளாஸ்டிக் உறை போட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கியது. உப்புக் காற்று உறைக்குள் புகுந்து, சரியாக அவர் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது.

அந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது நல்ல விஷயம்தான். குளத்தில் கெட்ட கிருமி வந்தால் இறால் வயிறு காலியாகிச் சாகும். மருந்து போட்டால் வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் முன்கூட்டியே நல்ல கிருமியை வளர்த்துக் குளத்தில் ஊற்றி வைப்பது. புரோபயாடிக் என்று பெயர். தலைவர் இதை மைக்கில் விளக்கும்போது உதாரணத்துக்குப் பஸ்ஸை இழுப்பார்.

"பஸ்ஸுல எல்லா சீட்லயும் நம்ம ஆளை உட்கார வெச்சுட்டோம்னு வைங்க. திருடன் ஏறினாலும் நின்னுக்கிட்டுத்தானே வரணும்?"

"நின்னுக்கிட்டு வர்றவன்தான் மாமா பாக்கெட்டடிப்பான்" என்று ஒருமுறை கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் வந்தது. அது அவருடைய மனைவியின் தம்பி. குளத்திலேயே கிடப்பதால் அவனுக்குத் தவளை என்று பெயர். அதற்கப்புறம் கூட்டம் நடக்கும் நாளில் அவனைக் குளத்துக் காவலுக்குப் போட்டுவிட்டார்கள்.

கம்பெனிப் பொட்டலத்தில் தெளிவாக எழுதியிருக்கும்: ஒவ்வொரு தடவையும் புதுப் பொட்டலம் உடைக்க வேண்டும், கிருமி நீக்கிய தண்ணீரில் கலக்க வேண்டும், காற்று பம்ப் ஓட வேண்டும், அன்றே முழுவதையும் ஊற்றிவிட வேண்டும், டிரம்மைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். படிக்கத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தலைவர் படித்ததோடு நிற்காமல் சிந்திக்கவும் செய்தார்.

"வீட்டுல தயிருக்கு உறை ஊத்தறோம். தினம் புது உறையா வாங்கறோம்? நேத்தைய தயிர்ல ஒரு கரண்டி. அவ்வளவுதானே?"

அப்படியாக ஒவ்வொரு டிரம்மிலும் அடியில் ஒரு வாளி மிச்சம் வைத்தார்கள். அதற்குத் 'தாய்' என்று பெயர் வைத்தார். மேலே ஊற்றிக் கலக்க சுத்தத் தண்ணீர் கூடாது, ஒன்றாம் குளத்துத் தண்ணீர்தான் வேண்டும் என்றார். "நம்ம புள்ளைங்களுக்கு நம்ம தண்ணி பழகணும்ல?" எட்டு மாதம் ஒரு பொட்டலம்கூட உடைக்கவில்லை. டிரம்மைக் கழுவவில்லை. தாயைக் கழுவுவதாவது!

கலக்கியது, ஊற்றியது, சுமந்தது எல்லாம் அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கையை முழங்கை வரை விட்டுத் தவிட்டைக் கரைத்துக் கரைத்து, அந்தக் கை இன்னொரு ஆளுடைய கை மாதிரி வெளுத்துப் போயிருந்தது. சமையலறைக்கும் டிரம் அறைக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் எந்நேரமும் 'களக்... களக்...' என்று ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். டிரம் வந்த புதிதில் பேச்சுக்கு நடுவே அது இடைஞ்சலாக இருந்தது. கொஞ்ச நாளில் அதன் இடைவெளி பார்த்துத்தான் அந்த வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள் என்று புரிந்தது. நானும் அப்படித்தான் பேச ஆரம்பித்திருந்தேன்.

நான்காம் குளத்தில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் இரண்டு ஏரேட்டர் மோட்டார் புகைந்துவிட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பினார்கள். நான்கே குளம் உள்ள பண்ணை அது. ஒன்றாம் குளம் இரண்டு மாதம் முன்பே செத்துப் போயிருந்தது. இரண்டாவது போன மாதம். மூன்றாவது போன வாரம். ஒவ்வொரு சாவுக்கும் தலைவர் ஒரு காரணம் வைத்திருந்தார். ஒன்றுக்குக் குஞ்சு சரியில்லை. இரண்டுக்கு மழை. மூன்றுக்கு அடுத்த பண்ணைக்காரன் திறந்துவிட்ட தண்ணீர். நான்காவது சாகாமல் இருப்பதற்கு மட்டும் காரணம் தாய். ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆட்கள் நாற்பது பேரும் வந்து, ஆளுக்கு ஒரு கேன் தாய் வாங்கிப் போவதாக ஏற்பாடு. காலிக் கேன்கள் வந்து வாசலில் வரிசையாக நின்றன.

மோட்டாரைக் கழற்றத் தவளைதான் உதவினான். மார்பளவு தண்ணீரில் நின்று நட்டைத் திருகிக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"நீ சொல்லு. சிரிக்கறதை நான் பார்த்துக்கறேன்."

"பத்து நாளைக்கு ஒரு குளம்னு முறை வெச்சு டிரம் ஊத்தறோம்ல? முதல் நாலு மாசம் தண்ணி சும்மா ஜம்முனு இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. அப்புறம் பாருங்க, ஒண்ணாம் குளம் படுத்தது ஊத்தின மூணாம் நாள். ரெண்டு, ஊத்தின மூணாம் நாள். மூணும் அதே மூணாம் நாள்."

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. 'தவளை, நீ தண்ணியில இறங்கு, தத்துவத்துல இறங்காதே'ன்னுட்டாரு." நட்டு கழன்றது. அதை வாயில் கவ்விக்கொண்டு தொடர்ந்தான். "ஆனா என் கணக்கும் ஒரு இடத்துல இடிக்குதுண்ணே. நாலுக்கும் ஊத்தியாச்சு. அக்காதான் ஊத்திச்சு, என் கண்ணால பார்த்தேன். இது மட்டும் ஏன் சாகல?"

நான் சிரிக்கவில்லை.

கரைக்கு அந்தப் பக்கம் மூன்றாம் குளம். சுண்ணாம்பு தூவி வெள்ளை வெளேரென்று கிடந்தது. தண்ணீர் இன்னும் வடிந்து முடியவில்லை.

"கடைசி நாளு நீங்க இங்க இருந்திருக்கணும்" என்றான் தவளை. "காலையில எட்டு மணிக்கு வந்து பார்க்கறேன், அம்புட்டு இறாலும் ஓரத்துக்கு வந்திருக்கு. நாலு பக்கமும். வரிசையா. தலை எல்லாம் கரையைப் பார்த்து. கடுகு கடுகா கண்ணு. கையை விட்டா இறால் ஓடணும்ல? ஓடல. விரலை மேல வெச்சேன், அப்பவும் ஓடல. மத்தியானம் வரைக்கும் அப்படியே நின்னுச்சு. என்னமோ நாம எதையோ சொல்லப் போறோம்னு காத்துக்கிட்டு நிக்கற மாதிரி."

"தலைவர் என்ன பண்ணார்?"

"கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாரு. அப்புறம் அதுங்களுக்குத் தைரியம் சொன்னாரு."

"இறாலுக்கா?"

"கூட்டம்னு பார்த்துட்டா மாமாவால சும்மா இருக்க முடியாதுண்ணே."

நான்காம் குளத்தில் வலைத்தட்டைத் தூக்கிக் காட்டினான். தீவனம் போட்டுத் தண்ணீருக்குள் இறக்கி வைக்கும் சதுர வலை அது. தின்றால் குளம் நலம். தின்னாமல் விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தட்டு துடைத்து வைத்தாற்போலக் காலியாக வந்தது. ஓரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு இறால் துள்ளி அவன் மூக்கில் அடித்துவிட்டுப் போனது. அவன் திட்டவில்லை. "உதைக்குது பாருங்க" என்றான், பெற்றவன் மாதிரி.

மறுநாள் காலையில் மோட்டாரை மாட்டி ஓட விட்டபின் தலைவர் வந்து, "மெக்கானிக்கு, அப்படியே காத்து பம்ப்பையும் ஒரு கை பார்த்துடு. நாளைக்கு நாலு பேரு வர்ற இடம்" என்றார். நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே போனேன்.

ஐந்து டிரம்முக்கும் சேர்த்து ஒரே பம்ப். 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். காற்றை உந்தித் தள்ள வேண்டிய ரப்பர் சவ்வு கிழிந்து, கருகி, தார் மாதிரி அடியில் ஒட்டியிருந்தது. நேற்று கிழிந்ததல்ல. மூன்று நான்கு மாதம் இருக்கும். குழாய் முனையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். காற்று என்று ஒரு மூச்சுகூட இல்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். பம்ப் நின்றது.

'களக்... களக்...' நிற்கவில்லை.

மின்சாரம் இல்லை, காற்று இல்லை. முதல் டிரம் ஒரு தடவை சொன்னது. கொஞ்சம் விட்டு மூன்றாவது சொன்னது. அப்புறம் ஐந்தாவது. ஒன்று பேசும்போது மற்றவை பேசாமல் இருந்தன. டிரம்மில் கை வைத்தேன். காய்ச்சல்காரன் முதுகு மாதிரி சுட்டது. நான் இருபது வருடமாக ஓடாததை ஓட வைத்துப் பிழைக்கிறவன். நிறுத்திய பிறகும் ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூடி லேசாக மேலே எழும்பி மறுபடி உட்கார்ந்தது. புளிப்பு வாடை வரும் என்று மூக்கைச் சுளித்தேன். வந்தது வேறு வாடை. மூடி வைத்த வீட்டைத் திறந்தால் வருமே, அது.

"தெரியும் தம்பி" என்று பின்னால் குரல் கேட்டது. அக்கா வாசலில் நின்றிருந்தார். "பம்ப் வேலை செய்யலேன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"வாடை மாறிடுச்சுன்னு மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'உனக்கு மூக்கு இருக்கு, எனக்குச் சான்றிதழ் இருக்கு'ன்னார்."

அவர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளங்கை அகலத்தில், மூடி போட்ட இரண்டு வட்டக் கண்ணாடிகள்.

"டவுன்ல தண்ணி சோதிக்கற லேப் பொண்ணு இருக்குல்ல? டிரம்ல ஒரு பாட்டில் மோந்து அதுகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். இது நல்ல கிருமி முளைக்கற கண்ணாடி. இது கெட்டது முளைக்கற கண்ணாடி."

முதல் கண்ணாடி மொட்டையாக இருந்தது. இரண்டாவதில் இடமே இல்லை. பச்சைப் பசைமேல் அடர்பச்சைப் புள்ளிகள், புள்ளிமேல் புள்ளி, விளிம்பு வரை ஏறி மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"அந்தப் பொண்ணு என்னைக் கேட்டுச்சு: 'இது எந்தக் குளத்துத் தண்ணிக்கா? செத்த குளமா?'ன்னு. இல்லம்மா, குளம் சாகாம இருக்கறதுக்காக ஊத்தற மருந்துன்னு எந்த வாயால சொல்ல? ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்." வெளுத்த கையைப் பார்த்துக்கொண்டார். "மூணு குளத்துக்கும் இந்தக் கையாலதான் ஊத்தினேன் தம்பி. ராசாத்தி மாதிரி சுத்தி வந்து சுத்தி வந்து ஊத்தினேன்."

"நாலாம் குளம்?"

"அதுக்கு ஊத்தல. வாடை மாறின பிறகு, ஒண்ணாவது மிஞ்சட்டும்னு, அதோட முறை வந்த ரெண்டு தடவையும் டிரம் வாளியில வெல்லத் தண்ணியைக் கரைச்சு அவர் கண்ணு முன்னாடியே ஊத்தினேன். அவர் வாளியைப் பார்த்தாரு. உள்ள என்னன்னு பார்க்கல."

தவளையின் கணக்கு இடித்த இடம் இதுதான்.

"இன்னைக்குச் சொல்லிடணும்" என்றார் அக்கா. "நாளைக்கு நாப்பது கேன் போயிடும். நாப்பது வீட்டுல எத்தனை குளம்! நீங்க பக்கத்துல நில்லுங்க. பேச வேண்டாம். ஆம்பளை ஒருத்தர் பக்கத்துல நின்னா அவருக்குக் காது கொஞ்சம் திறக்கும்."

மத்தியானம் சோறு போட்டுவிட்டுச் சொன்னார். தலைவர் தின்றுகொண்டே கேட்டார். கண்ணாடிகளைத் தூக்கிச் சாளர வெளிச்சத்தில் பார்த்தார்.

"லேப் பொண்ணு கண்ணாடியை மாத்தி வெச்சிருப்பா. போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தது."

"பம்ப்புல சவ்வு இல்லீங்க" என்றார் அக்கா.

"காத்து இல்லாமலே வளருதுன்னா எவ்வளவு வீரியம் பாரு!"

"நீங்க ஒருத்தர்தான் இந்த வீட்டுல அதை நம்பறீங்க."

"நாலாம் குளமும் நம்புதே! அது எப்படி உயிரோட நிக்குது? சொல்லு!"

"நாலுக்கு நான் ஊத்தினது வெல்லத் தண்ணி."

சுவருக்கு அப்பால் 'களக்' என்றது. தலைவர் வாயில் இருந்த சோற்றை மெல்லவில்லை, விழுங்கவுமில்லை.

"வெறும் வெல்லத் தண்ணியா?"

"வெறும் வெல்லத் தண்ணி."

கையைக் கழுவாமல் எழுந்தார். டிரம் அறைக்குள் போனார், செருப்போடு. அரைமணி நேரம் வெளியே வரவில்லை. முதலில் பேச்சுக் குரல் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது முகம் ஒரு சுற்று சிறுத்திருந்தது. "நாளைக்கு நாற்காலிக்குச் சொல்லியாச்சு" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். மனுஷன் தாயைக் கொடுத்தே தீருவார் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். தலைவர் இஸ்திரிச் சட்டையில் மைக்கைப் பிடித்தார். நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் வாழ்நாளில் சாதாரணமாக ஒரு வாக்கியம் பேசிப் பழகாதவர். உண்மை வந்து நின்றபோது அதற்கு மாட்டிவிட அவரிடம் வேறு சட்டை இல்லை.

"பெருமக்களே! பாதுகாப்பாள் என்று நம்பிய தாயே இன்று பகையாகி நிற்கிறாள்! தவறு தாயிடம் அல்ல! வளர்த்த இந்தக் கைகளில்!"

கூட்டம் நெகிழ்ந்துபோனது. "என்ன ஒரு பணிவுய்யா" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, நிஜமாத்தான்யா சொல்றேன்! அது கெட்டுப்போச்சு! எடுத்துட்டுப் போகாதீங்க!" தலைவர் முதல்முறையாகச் சொந்தக் குரலில் பேசினார். அந்தக் குரல் யாருக்கும் பழக்கமில்லை.

பொருளாளர் எழுந்தார். ஒல்லியான மனிதர். ஸ்டாம்ப் மட்டும் இருந்து மைக் இல்லாத வருத்தம் பல வருடமாக அவருக்கு இருந்தது. "தலைவரே, கொடுக்க மனசில்லேன்னா நேரடியா சொல்லிடுங்க. நாலாம் குளம் கண்ணு முன்னால துள்ளுது. அது எதுல துள்ளுது?"

"வெல்லத் தண்ணியில" என்றார் அக்கா.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அக்கா கண்ணாடிகளைக் கொண்டுவந்து நீட்டினார். கை மாறிக் கை மாறிப் போயின. "இது ஏன் மொட்டையா இருக்கு?" என்றார் ஒருவர். "அது கெடக்கட்டும், இதைப் பாரு, எவ்வளவு பச்சை! செழிப்பா இருக்குல்ல?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அதற்குமேல் வரிசை நிற்கவில்லை. கேனும் கையுமாக டிரம் அறைக்குள் நுழைந்தார்கள். வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு. தலைவர் மைக்கில் கத்தினார். மைக் வீலென்று அலறியதே தவிர வார்த்தை வரவில்லை. ஒருவர் டிரம்மில் காதை வைத்து, "உள்ள யாரோ இருக்கற மாதிரியே இருக்குய்யா" என்று பூரித்துப்போனார்.

தலைவர் மைக்கைக் கீழே வைத்தார். கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு வாளி நிறைய மொண்டுகொண்டு வந்தார். நேராக நான்காம் குளத்துக் கரையை நோக்கி நடந்தார்.

"மூணு நாள்!" என்றார் திரும்பி. "நிரப்பின கேனை எல்லாம் என் வாசல்லயே வெச்சுட்டுப் போங்க. மூணாம் நாள் காலையில வாங்க. இந்தக் குளம் உயிரோட இருந்தா ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. நானும் தலைவர் பதவியை விட்டுப் போயிடறேன்."

கடைசி வாக்கியத்தில் பொருளாளருக்கு அக்கறை வந்தது. "நியாயமான பேச்சு" என்று அவரே எல்லோரையும் கேனைக் கீழே வைக்கச் சொன்னார்.

அக்கா ஓடிப்போய் வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, அது ஒண்ணுதாங்க இருக்கு."

"தெரியும்."

"அறுப்புக்கு இன்னும் இருபது நாள்தாங்க இருக்கு."

"தெரியும்டி. வேற என்ன பண்ணச் சொல்றே? வாயால சொல்லிப் பார்த்தாச்சு. என் வாயை நம்பறானுங்க, அது சொல்றதை நம்ப மாட்டேங்கறானுங்க. செத்தாத்தான் நம்புவானுங்க."

ஏரேட்டர்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. தவளை இடுப்பளவு தண்ணீரில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அக்கா கொஞ்ச நேரம் கைப்பிடியை விடவில்லை. அப்புறம் விட்டார். தலைவர் கையில் இருந்த இன்னொரு வாளியை வாங்கிக்கொண்டு குளத்தின் மறு பக்கம் போனார். பழக்கப்படி சுற்றி வந்து ஊற்றினார்.

"அக்கா, நான் ஏறிடவா?" என்றான் தவளை.

"ஏறிடுடா" என்றார் அக்கா.

அந்த மூன்று நாளும் நான் ஊருக்குப் போகவில்லை. புது மோட்டார் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். வாசலில் நாற்பது கேன்கள் மூடி தளர்த்தி நின்றன. நாற்பதும் பேசிக்கொண்டிருந்தன. வாசல் கடந்து போகும்போது கேன்கள் அந்தப் பக்கமாக அடங்கி, போன பின் மறுபடி ஆரம்பிப்பதாகத் தவளை சொன்னான். நான் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் பின்கதவு வழியாகத்தான் போய்வந்தேன்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் காலை வலைத்தட்டு காலியாக வந்தது. பகல் தீவனமும் காலி. நான்காம் குளத்து இறால் அதுவரை தின்னாத பசியோடு தின்றது. மத்தியானம் பொருளாளர் வந்து கரையில் நின்று பார்த்தார். துள்ளலைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே போய்த் தன் கேனின் மூடியை இறுக்கிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். மரண வீட்டுக் குரலில் சொன்னார்.

"எல்லாத்தையும் தின்னுடுச்சுங்க."

தலைவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம்கூட மிச்சம் இல்லையா?"

"ஒரு பருக்கை இல்ல."

"நல்லாப் பார்த்தியா?"

"தடவிப் பார்த்தேன்."

நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். வளர்த்த இறால் சாக வேண்டுமே என்று ஒரு வீடு உட்கார்ந்திருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. தலைவர் மெதுவாகச் சொன்னார்: "ஒருவேளை அது கெட்டதே இல்லையோ? நாமதான் தப்பா..."

"அப்படி நினைக்காதீங்க" என்றார் அக்கா.

"நினைக்கலைன்னா எப்படி? நாளைக்கு நாப்பது பேரும் எடுத்துட்டுப் போயிடுவானுங்க."

"மாமா, அதுங்களுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க" என்றான் தவளை. சொன்ன பிறகு, தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்து, எழுந்து வெளியே போனான்.

மூன்றாம் நாள் விடிந்து வெளிச்சம் வந்தபோதே கரையில் ஆட்கள் இருந்தார்கள். கேன் எடுக்க வந்தவர்கள். அக்கா தண்ணீருக்குள் இறங்கி வலைத்தட்டைத் தூக்கினார். தூக்கியவர் தூக்கியபடி நின்றார். தட்டில் நேற்று இரவு போட்ட தீவனம் ஊறிக் கிடந்தது. அதன்மேல் ஐந்தாறு இறால் கால் ஊன்றி அசையாமல் நின்றன. உடம்பு கண்ணாடி மாதிரி. வயிற்றில் இருக்க வேண்டிய கறுப்புக் கோட்டைக் காணோம். அவர் காலுக்கு அருகில், ஓரம் முழுக்க, தண்ணீர் வெளுத்திருந்தது. சில இறால் வெயில் பக்கம் வயிற்றைத் திருப்பியிருந்தன.

"ஏங்க" என்றார். மறுபடி சொன்னார். "ஏங்க... தின்னல."

தலைவர் கரையில் இருந்து ஒரே எட்டில் இறங்கினார். "தின்னலையா? நிஜமாவா? எங்க காட்டு!"

தட்டைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார். கை நிறைய வந்தது. அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் எந்த மனிதன் முகத்திலும் பார்த்ததில்லை. அள்ளிய கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கரைப்பக்கம் திரும்பினார். பிள்ளை பிறந்ததைச் சொல்லும் குரலில் கத்தினார்.

"செத்துடுச்சு! நான் சொன்னேன்ல? மூணே நாள்! செத்துடுச்சுய்யா!"

தலைவர் கையை உயர்த்திப் பேசினால் என்ன செய்வது வழக்கமோ, அதைத்தான் கூட்டம் செய்தது. முதலில் ஒருவர் கைதட்டினார். அப்புறம் பொருளாளர் உட்பட எல்லோரும் தட்டினார்கள். தட்ட ஆரம்பித்த பிறகுதான் எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குப் புரிந்தது. எப்படி நிறுத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யார் முதலில் நிறுத்துவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். தலைவரின் கை மெல்லக் கீழே இறங்கியது. அக்கா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

உயிருள்ள குளமாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு இறால் துள்ளிக் கரையில் வந்து விழுந்திருக்கும். நாற்பது பேர் தட்டினார்கள். தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை.